கட்ட வேண்டாத வரிக்கு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

வருமான வரித்துறையிலிருந்து "இவ்வளவு பாக்கி இருக்கிறது, 30 நாளுக்குள் கட்டவும்" என்று வந்தால் நம் பக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பயந்துபோய் மறுநாளே கட்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் "நாம என்னங்க தப்புப் பண்ணினோம், அவங்களே பாத்துச் சரி பண்ணிக்குவாங்க" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். தப்பான டிமாண்டைக் கட்டிவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கண்டுகொள்ளாமல் விட்டால் 30 நாளுக்கு அப்புறம் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறிக்கொண்டே போகும், அடுத்த வருஷம் உங்களுக்கு வரவேண்டிய ரீஃபண்டையும் அந்தப் பாக்கிக்குப் பிடித்துக்கொள்வார்கள்.

நல்லாப் படித்து வேலையில் இருப்பவர்களே இந்த நோட்டீஸைப் பார்த்துத் தடுமாறுகிறார்கள். அப்படி இருக்கும்போது சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுபவரும், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவரும், பக்கத்து டவுன் கம்ப்யூட்டர் சென்டரில் ரிட்டர்ன் போட்டுவிட்டு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் என்ன செய்வார்கள்? அவர்களையும், அவர்கள் வீட்டில் போனைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டிமாண்ட் உங்கள் மேல் யாரோ சுமத்திய குற்றம் கிடையாது. நீங்கள் போட்ட ரிட்டர்னை பெங்களூரில் இருக்கும் சிபிசி என்கிற மையத்தின் கம்ப்யூட்டர், தன்னிடம் இருக்கும் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கேயோ இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை, அதனால் மிச்சத்தைக் கட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் எந்த எண் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்காமல் பணமும் கட்டாதீர்கள், பதிலும் போடாதீர்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

நோட்டீஸ் நிஜமா, போலியா

எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு லிங்க்கை அனுப்பி "இதைத் தொட்டுப் பணம் கட்டுங்கள்" என்று வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். போனில் கூப்பிட்டு வங்கிக் கணக்கு எண்ணும் ஓடிபியும் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். துறை அப்படிப் பணம் வசூலிப்பதில்லை.

2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறை அனுப்பும் கடிதம், நோட்டீஸ், உத்தரவு எல்லாவற்றிலும் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். துறையின் இ-ஃபைலிங் தளத்தின் முதல் பக்கத்திலேயே, லாகின் செய்யாமலே, நோட்டீஸின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க ஒரு இணைப்பு இருக்கிறது. அதில் அந்த எண்ணையும் உங்கள் மொபைல் எண்ணையும் போட்டால் இது துறை அனுப்பியதுதானா என்று சொல்லிவிடும். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

அடுத்து லாகின் செய்து பாருங்கள். நிஜமான டிமாண்ட் என்றால் 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' என்ற பகுதியில், நிலுவை டிமாண்டுக்குப் பதில் அளிக்கும் பக்கத்தில் கட்டாயம் தெரியும். மற்ற நோட்டீஸ்கள் 'இ-புரொசீடிங்ஸ்' பக்கத்தில் இருக்கும். சிலருக்கு ரிட்டர்ன் போட்ட சென்டர்காரருடைய மொபைல் எண்ணும் மெயிலும்தான் புரொஃபைலில் இருக்கும், அதனால் நோட்டீஸ் வந்ததே வீட்டுக்குத் தெரியாது. இதை இன்றைக்கே மாற்றுங்கள். வருமான வரி லாகினில் உங்கள் எண், உங்கள் மெயில்தான் இருக்க வேண்டும். ஆடிட்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பிரித்துப் படிப்பது

143(1) என்று போட்டு வரும் கடிதத்தை இன்டிமேஷன் என்பார்கள். இது ரிட்டர்ன் போட்ட எல்லாருக்கும் வரும், வந்ததாலேயே பயப்பட வேண்டியதில்லை. பாக்கியும் இல்லை ரீஃபண்டும் இல்லை என்று வரலாம், ரீஃபண்ட் உண்டு என்று வரலாம், பாக்கி கட்டு என்றும் வரலாம். பிடிஎஃப் திறக்கப் பாஸ்வேர்ட் கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், வருடத்தை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் திறந்துவிடும்.

உள்ளே ஒரு நீளமான அட்டவணை இருக்கும். அதில் இரண்டு பத்திகள். ஒன்றில் நீங்கள் ரிட்டர்னில் சொன்னது, இன்னொன்றில் சிபிசி கணக்கிட்டது. ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு லைனாக இறங்குங்கள். சம்பளம், வாடகை, வட்டி, கழிவுகள், வரி, ஏற்கெனவே கட்டிய வரி. எங்கே முதன்முதலாக இரண்டு எண்ணும் வேறுபடுகிறதோ அங்கே பேனாவால் வட்டம் போடுங்கள். அதற்குக் கீழே உள்ள வித்தியாசங்களெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வித்தியாசத்தால் வந்தவையாகத்தான் இருக்கும்.

அப்புறம் 26ஏஎஸ் அறிக்கையையும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் அதே தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பான் எண்ணில் யார் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்பது 26ஏஎஸ்ஸில் இருக்கும். வங்கி வட்டி, நிலம் விற்றது வாங்கியது, கணக்கில் கட்டிய பெரிய ரொக்கம் போன்றவை ஏஐஎஸ்ஸில் இருக்கும். இந்த இரண்டும், இன்டிமேஷனும், நீங்கள் போட்ட ரிட்டர்னும் என்று நான்கு தாள்களையும் மேஜைமேல் பரப்பி வைத்தால் தப்பு எங்கே என்று பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும்.

ஒரு விஷயம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதில் பிரிவு எண்கள் வேறு. ஆனால் அதற்கு முந்தைய நிதியாண்டுகளின் கணக்குக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். நான் இங்கே சொல்லும் எண்களெல்லாம் பழைய சட்டத்தின் எண்கள், ஏனென்றால் இப்போது கையில் இருக்கும் தகராறுகள் பெரும்பாலும் பழைய வருஷங்களுடையவை.

நம் பக்கம் அடிக்கடி வரும் தப்புகள்

முதலில் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. தறிக்கூலி கொடுக்கும் நிறுவனமும், கோழிக்குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக் கூலி தரும் கம்பெனியும் 194சி பிரிவில் தனிநபருக்கு 1 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் பணம் போடுவார்கள். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் டிடிஎஸ் அறிக்கையில் உங்கள் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரி வேறு யாருக்கோ போய்விடும், இல்லை யாருக்கும் போகாது. நீங்கள் ரிட்டர்னில் அந்த வரியைக் கழித்துக் காட்டியிருப்பீர்கள், சிபிசி கணக்கில் அது இருக்காது, உடனே டிமாண்ட். இங்கே தப்பு துறையுடையதும் இல்லை உங்களுடையதும் இல்லை, கம்பெனிக்காரர் திருத்திய டிடிஎஸ் அறிக்கை போட்டால்தான் சரியாகும். அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஆறு மாதம் ஆனாலும் நடக்காது. பான் கார்டு நகல், 26ஏஎஸ், அவர்கள் கொடுத்த கூலிப் பட்டியல் மூன்றையும் இணைத்து மெயில் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான டிடிஎஸ்ஸுக்கு அவர்களுக்கு மே 31 வரை அவகாசம் உண்டு என்பதால் அதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு ரிட்டர்ன் போட வேண்டாம்.

கம்பெனி உங்களிடம் பிடித்துவிட்டு அரசாங்கத்துக்குக் கட்டவே இல்லை என்றால்? ஆர்டர் இல்லாமல் மில்லும் பனியன் கம்பெனியும் மூடிவிட்டுப் போகும் காலத்தில் இது கற்பனை இல்லை. பழைய சட்டத்தின் 205ஆம் பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வருமானத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டிருந்தால், பிடித்த அளவுக்கு உங்களிடம் மறுபடியும் கேட்கக்கூடாது என்கிறது அது. பிடித்ததற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும், அதாவது சம்பளச் சீட்டு, வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் 16ஏ சான்று, பிடித்தம் போக மிச்சம் வந்த வங்கிக் கணக்குப் பக்கம். இதைச் சொல்லி வரி அதிகாரிக்கு எழுத வேண்டியிருக்கும், சிபிசியின் கம்ப்யூட்டர் இதைத் தானாகப் பார்க்காது.

இரண்டாவது, சலானில் வருஷம் மாறுவது. 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. வரி கட்டும்போது 2024-25 என்று தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் போன வருஷக் கணக்கில் உட்கார்ந்திருக்கும், இந்த வருஷத்துக்கு டிமாண்ட் வரும். சலான் திருத்தம் என்ற வசதி அதே தளத்தில் இருக்கிறது. சில நாட்களுக்குள் என்றால் நீங்களே திருத்தலாம், காலம் கடந்துவிட்டால் உங்கள் வரி அதிகாரிதான் திருத்த வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நிலுவைச் சம்பளம் மொத்தமாக வாங்கும் வருஷம். அப்படி மொத்தமாக வாங்குவதால் கூடும் வரிக்குக் கிடைக்கும் 89ஆம் பிரிவு நிவாரணத்தை ரிட்டர்னில் கழித்திருப்பார்கள், ஆனால் 10இ என்ற படிவத்தை ஆன்லைனில் போட்டிருக்க மாட்டார்கள். படிவம் இல்லாவிட்டால் நிவாரணம் முழுவதையும் சிபிசி வெட்டிவிடும்.

இனி விவசாயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் பெரிய தொகைக்கு வரும் தப்பான நோட்டீஸ்கள் இந்த வழியில்தான் வருகின்றன.

தேங்காய் விற்ற பணம், மஞ்சள் விற்ற பணம், கரும்புப் பணம் எல்லாம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. ஆனால் வரி விலக்கு வரம்பைத் தாண்டிய சம்பளமோ தொழில் வருமானமோ கூட இருந்து, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று முடிவு செய்ய விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் வரி கொஞ்சம் கூடும். "விவசாயத்துக்கு வரியே இல்லைன்னாங்களே" என்று நீங்கள் நினைக்கும் அந்த டிமாண்ட் சில சமயம் சரியாகவே இருக்கலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள். அதேபோல மாடு வைத்துப் பால் ஊற்றும் வருமானமும் கோழிப்பண்ணை வருமானமும் தோட்டத்துக்குள்ளேயே நடந்தாலும் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது. இன்னொன்று, 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருப்பவர் ஐடிஆர்-1 படிவம் போட முடியாது. அந்தப் படிவத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்காகச் சில சென்டர்களில் விவசாயப் பணத்தை 'இதர வருமானம்' என்ற இடத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் லட்சக்கணக்கில் டிமாண்ட் வராமல் என்ன செய்யும்?

நிலம் விற்றது அடுத்தது. 2025-26 நிதியாண்டு வரையிலான வருஷங்களில் 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள கிரயத்தைச் சார்பதிவாளர் அலுவலகம் துறைக்குத் தெரிவித்துவிடும். அந்தத் தகவலை மட்டும் வைத்து அது வரி இல்லாத சோளக்காடா, கடைவீதி மனையா என்பது தீர்ந்துவிடாது. ஊர்ப்புற விவசாய நிலமாக இருந்தால் அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. எது ஊர்ப்புறம் என்பதற்கு அளவு இருக்கிறது. 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகர உள்ளாட்சியின் எல்லைக்குள் நிலம் இருக்கக்கூடாது. எல்லையிலிருந்து தூரமும் வேண்டும். அந்த ஊரின் மக்கள்தொகை 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு அப்பால் இருந்தால்தான் ஊர்ப்புற நிலம். கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணைத்தான் எடுப்பார்கள், 2011 கணக்குப்படி கோவைக்கு 8 கிலோமீட்டர், திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் 6, பொள்ளாச்சிக்கு 2. ரோட்டுத் தூரம் இல்லை, வான்வழியாக நேர்கோட்டில் அளக்கும் தூரம். இதற்கு நோட்டீஸ் வந்தால் கிரயப் பத்திரம், சிட்டா, அடங்கல், நிலத்தில் என்ன பயிர் இருந்தது என்பதற்கும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கும் கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தார் சான்று, இவை போதும்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்ற நிலம் என்றால் சில சமயம் முழுத் தொகையும் ஒவ்வொருவர் ஏஐஎஸ்ஸிலும் ஏறியிருக்கும். நான்கு பேர் பங்கில் ஒருவருக்கு 20 லட்சம்தான் வந்திருக்கும், அறிக்கை 80 லட்சம் என்று சொல்லும். ஏஐஎஸ் பக்கத்திலேயே அந்த லைனுக்கு எதிரே கருத்துத் தெரிவிக்கும் வசதி உண்டு. தகவலில் ஒரு பகுதி சரியில்லை, இது வேறு பான் எண்ணுக்கு அல்லது வேறு வருஷத்துக்கு உரியது, இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, எனக்குச் சம்பந்தமே இல்லை என்றெல்லாம் அதில் தேர்வுகள் இருக்கும். உங்கள் பங்கை மட்டும் குறிப்பிட்டுப் பதியுங்கள். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ரிட்டர்ன் போடும் முன்பே செய்யலாம்.

சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினாலும் வங்கி தெரிவித்துவிடும். ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டிலோ கமிஷன் மண்டியிலோ விற்றதற்குக் கொடுக்கும் பட்டியலைச் சட்டைப்பையிலேயே வைத்துத் துவைத்துவிடுகிறோம். அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பதில் போடுவது எப்படி

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டதா, சரி, இப்போது இரண்டு வேலைகள், இதே வரிசையில்.

முதல் வேலை 154ஆம் பிரிவில் திருத்தக் கோரிக்கை, அதாவது ரெக்டிஃபிகேஷன். 'சர்வீசஸ்' பகுதியில் இருக்கும். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு வருஷம் வரை கேட்கலாம், அதனால் பழைய டிமாண்டுக்கும் வழி உண்டு. கம்பெனி திருத்திவிட்டது, 26ஏஎஸ்ஸில் வரி இப்போது தெரிகிறது என்றால் ரிட்டர்னை அப்படியே மறுபடி செயலாக்கச் சொல்லும் தேர்வு போதும். டிடிஎஸ் அல்லது சலான் விவரத்தை நீங்கள் தப்பாக அடித்திருந்தால் வரி வரவு வித்தியாசத்தைத் திருத்தும் தேர்வு. வருமானத்தைத் தப்பான இடத்தில் போட்டது போன்றவற்றுக்கு ரிட்டர்ன் விவரத் திருத்தம். ஆனால் ரெக்டிஃபிகேஷனில் புதிதாக ஒரு கழிவையோ விலக்கையோ கேட்க முடியாது. அதற்குக் காலக்கெடு மிச்சமிருந்தால் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும், முடிந்துவிட்டால் 264ஆம் பிரிவில் முதன்மை ஆணையருக்கு மறுஆய்வு மனு கொடுக்கலாம். உத்தரவு கைக்கு வந்து ஒரு வருஷத்துக்குள், கட்டணம் 500 ரூபாய். இந்த 264 வழியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, கம்ப்யூட்டர் சென்டரில் தப்பாகப் போட்ட விவசாயக் கணக்குக்கெல்லாம் பல நேரம் இதுதான் கடைசிக் கதவு.

இரண்டாவது வேலை டிமாண்டுக்குப் பதில். ரெக்டிஃபிகேஷன் போட்டுவிட்டால் மட்டும் டிமாண்ட் நிற்காது. நிலுவை டிமாண்ட் பக்கத்துக்குப் போய் 'டிமாண்டை ஏற்கவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, முழுவதுமா ஒரு பகுதியா என்று சொல்லி, காரணமாக ரெக்டிஃபிகேஷன் தாக்கல் செய்திருப்பதைக் காட்டி, அதன் ஒப்புகை எண்ணைப் போடுங்கள். தயவுசெய்து 'டிமாண்ட் சரி' என்பதைத் தொட்டுவிடாதீர்கள். அதைக் கொடுத்து உறுதிசெய்துவிட்டால் பிற்பாடு மறுக்க முடியாது. சீக்கிரம் முடியட்டும் என்று அதைத் தட்டிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு பகுதி சரி என்றால் அதை மட்டும் கட்டி, சலான் விவரம் கொடுத்து, மீதியை மறுக்கலாம்.

டிமாண்ட் வருவதற்கு முன்பே "இப்படித் திருத்தப் போகிறோம், என்ன சொல்கிறீர்கள்" என்று ஒரு அறிவிப்பு வந்திருந்தால் அது இன்னும் நல்லது. அதற்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. அங்கேயே ஆதாரத்தோடு மறுத்துவிட்டால் டிமாண்டே வராமல் போகலாம். மெயில் பார்க்கிற பழக்கம் இல்லாததால் மட்டுமே பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

விளக்கம் எழுதும் இடத்தில் கதை வேண்டாம், கோபமும் வேண்டாம். எந்த வருஷம், எந்த லைன், அவர்கள் எண் என்ன, உங்கள் எண் என்ன, ஆதாரம் என்ன, உங்கள் கோரிக்கை என்ன, அவ்வளவு போதும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி இருக்கும்: "மதிப்பீட்டு ஆண்டு 2025-26க்கான இன்டிமேஷனில் டிடிஎஸ் வரவு 0 என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நான் ரிட்டர்னில் காட்டியது 8,400 ரூபாய். வரி பிடித்த நிறுவனம் திருத்திய அறிக்கை தாக்கல் செய்துவிட்டது, தொகை இப்போது 26ஏஎஸ்ஸில் இருக்கிறது. 16ஏ சான்றும் 26ஏஎஸ்ஸும் இணைத்திருக்கிறேன். வரவைக் கொடுத்து டிமாண்டை நீக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

சிபிசி கையில் இல்லாதவை

நிலுவை டிமாண்ட் பக்கத்தில் திருத்தும் உரிமை யாரிடம் என்று போட்டிருக்கும். சிபிசி என்று இருந்தால் ஆன்லைன் போதும். உங்கள் வட்டார வரி அதிகாரி என்று இருந்தால் (பழைய வருஷத்து டிமாண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான்) ஆன்லைனில் மறுத்துவிட்டு நேரிலும் போய்வருவதுதான் நல்லது. உங்கள் பான் எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கோவையில் என்றால் ரேஸ்கோர்ஸ் ரோடு அலுவலகம், திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களிலும் அலுவலகம் உண்டு. கடிதம் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். தபால் பிரிவிலோ, சேவா கேந்திரா என்கிற சேவை மையத்திலோ ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "கொடுத்துட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்று யார் சொன்னாலும் "சீல் போட்டுக் குடுத்துருங்க சார்" என்று மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் உரிமை அது.

பழைய சின்ன டிமாண்டுகளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய் வரையிலும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையிலும் இருந்த நேரடி வரி டிமாண்டுகளைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஒருவருக்கு மொத்த உச்சவரம்பு 1 லட்சம். உங்கள் பழைய டிமாண்ட் அதில் நீங்கிவிட்டதா என்று லாகின் செய்து பாருங்கள், நீங்கியதைத் தெரியாமல் கட்டிவிட வேண்டாம்.

அப்பாரு பேரில் நோட்டீஸ் வந்து அவர் இறந்துபோயிருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து தளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிந்துகொண்டு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், துறைக்கு அது தெரியாது.

சம்பந்தமே இல்லாத கோடிகள்

கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று ஆதாரும் பானும் வாங்கிப் போனவர்கள் அந்தப் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்து பில் போட்டுவிடுவதுதான் இதற்குக் காரணம். இதை ரெக்டிஃபிகேஷன் போட்டுத் தீர்க்க முடியாது.

ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணை வைத்துத் தேடலாம், உங்கள் பெயரில் எத்தனை பதிவு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று காட்டும். தெரியாத பதிவு இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார், பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் சொல்லுங்கள். ரசீது வாங்கியதும் அந்தப் பதிவு எந்த அதிகாரியின் கீழ் இருக்கிறதோ அவருக்குப் பதிவை ரத்து செய்யக் கேட்டுக் கடிதம், கூடவே வருமான வரி ஏஐஎஸ்ஸில் அந்த லைனை மறுத்துப் பதிவு. வந்த நோட்டீஸுக்கும் கெடுவுக்குள் புகார் ரசீதை இணைத்துப் பதில் போட வேண்டும். இந்த வழக்குக்கு மட்டும் எவ்வளவு சிரமப்பட்டாவது ஆடிட்டரையோ வக்கீலையோ பிடித்துவிடுங்கள். பணம் இல்லாதவர்களுக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

143(2), 148ஏ என்று போட்டு வரும் நோட்டீஸுக்கும் தனியாகப் பதில் சொல்ல முயல வேண்டாம். ஒன்று முழு ஆய்வு, மற்றது பழைய வருஷத்தைத் திறப்பது. வரிக்கு வராமல் தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று துறை கருதினால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தே கால் வருஷம் வரைகூடத் திறக்கலாம். நிலம் விற்றவர்கள் காகிதங்களை அதுவரைக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மறுத்துவிட்டால்

ரெக்டிஃபிகேஷனுக்கு, விண்ணப்பம் கிடைத்த மாதக் கடைசியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தாமதமானால் தளத்திலேயே குறை தீர்ப்புப் பகுதியில் ஒப்புகை எண்ணோடு புகார் பதியுங்கள். மறுத்து உத்தரவு வந்தால் மேல்முறையீடு உண்டு. படிவம் 35, ஆன்லைனில், 30 நாளுக்குள், கட்டணம் வருமானத்தைப் பொறுத்து 250 முதல் 1,000 ரூபாய். ரெக்டிஃபிகேஷன் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதே இன்டிமேஷன் மீது மேல்முறையீடு செய்வதற்கான 30 நாள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள், தொகை பெரிதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வசூலை நிறுத்திவைக்கப் பொதுவாக டிமாண்டில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள்.

சாதகமாக உத்தரவு வந்துவிட்டால் அத்தோடு போகாமல் ஒரு மாதம் கழித்து லாகின் செய்து நிலுவை டிமாண்ட் பக்கம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் ஏதாவது ரீஃபண்டைப் பிடித்திருந்தால் அது திரும்பி வர உங்கள் வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்த உத்தரவு பிடிஎஃப்பை மெயிலில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று போட்டு வையுங்கள், ஒரு தாள் அச்செடுத்துக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள்.